ஒரு லட்சம் யூரோவுக்கு விடுதலை

கணினியில் முப்பரிமாணப் படங்கள் உருவாக்கும் பிளெண்டர் மென்பொருள், 2002-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய செத்துப்போனது. நெதர்லாந்தில் அதை வளர்த்து வந்த நிறுவனம் நொடித்துப்போய், முதலீட்டாளர்கள் கடையைச் சாத்திவிட்டார்கள். மூடுவிழா நெருங்குவது தெரிந்த ஊழியர்கள், கடைசிப் பதிப்புக்குள் போகிற போக்கில் ஒரு குரங்குத் தலையைச் செருகி வைத்தார்கள். குறும்புதான்! இன்றும் பிளெண்டரைத் திறந்து சில சொடுக்குகள் சொடுக்கினால் அந்தக் குரங்கு திரையில் வந்து நிற்கும்.

பயனர்கள் கையில் மென்பொருள் இருந்தது, மூலநிரல் இல்லை. சாம்பார் கிடைத்தது, செய்முறைச் சீட்டு கிடைக்கவில்லை என்கிற கதை. பிழை வந்தால் திருத்த வழியில்லை.

பிளெண்டரை உருவாக்கிய டோன் ரோசென்டால் முதலீட்டாளர்களிடம் பேரம் பேசினார். ஒரு லட்சம் யூரோ தந்தால் மூலநிரலை வெளியிடச் சம்மதம் என்றார்கள். ஜூலையில் நன்கொடை திரட்டத் தொடங்கினார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது! அக்டோபர் 13 அன்று, குனூ பொது உரிமத்தின் கீழ் மூலநிரல் வெளியானது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். திருத்தியதை வெளியிட்டால் அதன் நிரலையும் தர வேண்டும் என்பது நிபந்தனை.

2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வென்ற லாட்வியப் படம் ‘ஃப்ளோ’, பிளெண்டரில் உருவானதுதான்.