பாண்ட் தெரு வாத்தியார்

குத்துச்சண்டை கற்கப் புகுகிறவர்கள் பெரும்பாலும், தொங்கும் மூட்டையை முதல் நாளன்றே நாலு குத்துக் குத்திப் பார்த்துவிட வேண்டுமென்ற ஆவலோடுதான் வருகிறார்கள். ஆனால் வித்தை தெரிந்த வாத்தியார் ஒருவரிடம் (வடசென்னையில் இந்த ஆசானுக்கு வாத்தியார் என்றே பெயர்) தனியாக வந்து சேர்ந்தவனுக்கு முதலில் கிடைப்பது, சரியாக நிற்பதற்கான அப்பியாசமே. இத்தனை வருஷமாக நின்றுகொண்டுதானே இருக்கிறோம் என்று அவனுக்குச் சற்று அவமானமாகக்கூட இருக்கும்.

இடது பாதத்தை முன்னே வைத்து, பின்னங்காலின் குதிகாலைச் சற்றே தூக்கி, முழங்கால்களைத் தளர்த்தி, மோவாயைத் தாழ்த்தி, முழங்கைகள் விலாவைக் காக்க, முட்டிகள் இரண்டும் கன்னத்தருகே உயர்ந்து நிற்பது வலக்கைக்காரனின் ஆதார நிலை; இடக்கைக்காரனுக்கு இது அப்படியே மாறும். முன்னேறும்போது முன்னங்கால் முதலில் போக வேண்டும், பின்வாங்கும்போது பின்னங்கால். கால்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுவிட்டால் அந்தக் கணத்தில் சிறுபிள்ளை தள்ளினாலும் விழவேண்டியதுதான். இதன் பிறகே 'ஜாப்' என்னும் இடக்கைக் குத்து வருகிறது: கை நேராகப் போய், போன வழியே திரும்ப வேண்டும். வலக்கைக் குத்தோ தரையிலிருந்து புறப்படுகிறது. பின்னிருக்கும் வலது பாதம் சுழன்று, இடுப்புத் திரும்பி, தோள் அதைத் தொடர்ந்து, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் முட்டி போய்ச் சேருகிறது.

இவற்றையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாமே எனில், தெரிந்துகொள்ளலாம், செய்ய முடியாது. இடக்கை நீளும்போதெல்லாம் வலக்கை தானாகவே மார்புக்கு இறங்கிவிடுவது புதியவர்களின் நிரந்தரக் குறை. கண்ணாடி முன் நின்று பார்ப்போமென்றால், பார்க்கிற நேரத்தில் மட்டும் அந்தக் கை பரம யோக்கியமாக இருந்துவிடுகிறது. கையில் மெத்தைப் பட்டைகளை மாட்டிக்கொண்டு எதிரே நிற்கும் வாத்தியார், காவலற்ற வலக்கன்னத்தில் ஒரு மெல்லிய தட்டுத் தட்டுகிறார். பத்துத் தரம் தட்டு வாங்கிய கன்னம், கையைக் கீழே விடாது. மூன்று நிமிஷம் பயிற்சி, ஒரு நிமிஷம் ஓய்வு என்பது 1867-இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகளிலிருந்து வந்த கணக்கு. மூன்று நிமிஷம் எவ்வளவு நீளமானது என்பதை அந்த ஓய்வுக்காகக் காத்திருந்தவர்களே அறிவார்கள்.

காசு வாங்கிக்கொண்டு கனவான்களுக்கு இந்த வித்தையைப் போதிக்கும் வழக்கம் லண்டனில் பழையது. தேம்ஸ் நதியில் படகோட்டியாக இருந்து மல்லனான ஜாக் பிராட்டன், 1747-இல் ஹேமார்க்கெட்டில் பள்ளி நடத்தியபோது, மாணாக்கர்களின் கண்ணும் மூக்கும் தாடையும் பத்திரமாயிருக்கும் என்று உறுதி கூறி, பஞ்சு வைத்த கையுறைகளைக் கொடுத்தார்; பந்தயங்கள் வெறுங்கையால் நடந்த காலத்தில், பாடத்துக்கு மட்டும் கையுறை!

அவருக்குப் பின்னால் கீர்த்தி பெற்ற ஆசிரியர், 'கனவான்' என்றே பட்டம் பெற்ற ஜான் ஜாக்ஸன். உருவத்தில் சிறியவராயினும் சாமர்த்தியத்தில் நிகரற்றவரான டேனியல் மெண்டோஸாவை 1795-இல் ஹார்ன்சர்ச்சில் தோற்கடித்தே அவர் சாம்பியன் ஆனார்; அதில் ஒரு கட்டத்தில் மெண்டோஸாவின் நீண்ட தலைமயிரை ஒரு கையால் பற்றிக்கொண்டு மறுகையால் குத்தினார் என்பதும், அக்கால விதிகள் அதைத் தடுக்கவில்லை என்பதும், 'கனவான்' என்ற பட்டத்தை நாம் சற்று நிதானித்துப் படிக்கவேண்டிய விஷயங்கள். அத்துடன் பந்தயத்தை விட்டுவிட்டு, பாண்ட் தெரு 13-ஆம் எண் வீட்டில் பிரபுக்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார்.

அங்கே வந்த மாணாக்கர்களுள் ஒருவர் கவி பைரன். வலக்கைக்காரனின் பலம் ஊன்றிய வலக்காலில் பிறக்கிறது என்றோமே, பைரனுக்குப் பிறவியிலேயே ஊனமாயிருந்தது அந்த வலது பாதந்தான். எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒரே தாளத்துக்கு ஆடவிடும் கூட்டத்தில் இப்படிப்பட்டவருக்கு இடமில்லை; ஒரு சரீரத்தை மட்டுமே உற்றுப் பார்த்து, அதனால் இயன்றதையும் இயலாததையும் அளந்து கற்பிக்கிறவரிடந்தான் அவர் தேறமுடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படியாயினும், தம் தேகத்துக்கு ஜாக்ஸனே மதகுருவும் ஆசிரியருமென்று பைரன் வேடிக்கையாகவும் வாஞ்சையாகவும் எழுதிவைத்திருக்கிறார்.

1811-இல் தாயார் இறந்தபோது, பைரன் சவ ஊர்வலத்துடன் போகவில்லை. அது கண்ணுக்கு மறையும்வரை வாசலிலேயே நின்றிருந்துவிட்டு, பணிவிடை செய்த இளைஞன் ரஷ்டனை அழைத்து, கையுறைகளைக் கொண்டுவரச் சொல்லி, அன்றாடப் பயிற்சியைத் தொடங்கினார். குத்துகள் வழக்கத்தைவிடப் பலமாக விழுந்ததாக அந்த இளைஞனுக்குத் தோன்றிற்றாம். சற்றுப் பொறுத்துக் கையுறைகளை வீசி எறிந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தம் அறைக்குப் போய்விட்டார்.