ப்ளஸ் டூ மைதானத்திலிருந்து காலேஜ் மைதானத்துக்கு...

"டாக்டர், பையன் ஜில்லா லெவல்ல ஓடினவன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ்ல சேர்க்கணும். உடம்பு தேற நல்ல லேகியமா ஒண்ணு எழுதிக் கொடுங்க!"

ஏப்ரல், மே மாதம் வந்துவிட்டால் இப்படிக் கேட்டு வரும் பெற்றோர் அதிகம். லேகியத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நான் திருப்பிக் கேட்பது, "பையன் கடைசியா எப்போ ஓடினான்?" என்றுதான். பெரும்பாலும் வரும் பதில், "போன ஆகஸ்டுல சார். அப்புறம் டியூஷன், பரீட்சை..."

சிக்கலே இங்கேதான். பப்ளிக் பரீட்சை மார்ச்சில் முடிகிறது. பல கல்லூரிகள் மே, ஜூனில் ஆட்களைத் தேர்வு செய்கின்றன. ஏழு மாதம் நாற்காலியில் உட்கார்ந்த உடம்பை ஆறே வாரத்தில் பழைய வேகத்துக்கு இழுக்கிறார்கள். மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும். தசையும் பரவாயில்லை. ஆனால் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணும், கால் எலும்பும் நிதானமாகத்தான் பலம் பெறும். மூச்சு நன்றாக இருக்கிறதே என்று பையன் விரட்டி ஓட, எலும்பில் மயிரிழை மாதிரி விரிசல் விழுகிறது. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில், விரலால் ஒரே இடத்தைத் தொட்டால் சுரீர் என்கிறதா? படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? தைலம் தேய்த்துக்கொண்டு ஓடக்கூடாது. எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். படம் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக வலியை அலட்சியம் செய்யாதீர்கள்.

ப்ளஸ் டூ வருஷம் முழுக்க வாரம் மூன்று நாள், நாற்பது நிமிஷம் போதும். படிப்பு ஒன்றும் கெட்டுவிடாது. விட்டுப்போனவர்கள், முதல் வாரம் பழைய அளவில் பாதியில் ஆரம்பித்து, வாரா வாரம் பத்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டுங்கள். அக்னி நட்சத்திரத்தில் காலை ஏழு மணிக்குள் பயிற்சி முடிந்துவிட வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர் இருக்கும்போது கலர் பானம் எதற்கு?

இன்னொன்றும் பெற்றோருக்குத் தெரிவதில்லை. குண்டு எறிதலில் 18 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 5 கிலோ, 20 வயதுக்குட்பட்டவர்களுக்கு 6 கிலோ. ஆண்கள் பிரிவில் 7.26 கிலோ! தடை ஓட்டத்தில் தடையின் உயரமும் அப்படியே ஏறும். பதினெட்டு வயதுப் பிள்ளை, இருபத்து மூன்று வயது இளைஞனோடு மோத வேண்டும். முதல் வருஷம் பின்தங்கினால் வீட்டில் திட்டாதீர்கள்.

சரி, லேகியத்துக்கு வருவோம். சித்த வைத்தியன் நான் இதைச் சொல்வது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மூலிகைதானே, ஒன்றும் செய்யாது என்ற நினைப்பு மைதானத்தில் செல்லாது. நரம்புத் தளர்ச்சிக்கும் வலிக்கும் நாங்கள் சுத்தி செய்து சேர்க்கும் எட்டிக்கொட்டையில் ஸ்ட்ரிக்னைன் இருக்கிறது. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஜெயித்த தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் கொடுத்தது இதைத்தான். பாவம், நடக்கக்கூட முடியாமல் தாங்கிப் பிடித்துக் கொண்டு போனார்கள். இன்றைக்கு அது போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்ட பொருள். கஞ்சா சேர்ந்த லேகியமும் அப்படியே. ஜலதோஷ மாத்திரை சிலவற்றில் இருக்கும் சூடோஎஃபெட்ரினும் அளவு மீறினால் மாட்டிவிடும். ஜிம்மில் லேபிள் இல்லாமல் விற்கும் பவுடரில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அதை யார் கண்டார்கள்? உடம்புக்குள் போன பொருளுக்கு விளையாடுகிறவரே பொறுப்பு என்பது விதி. "வைத்தியர் கொடுத்தார், எனக்குத் தெரியாது" என்றால் விடமாட்டார்கள். வருஷக் கணக்கில் தடை வரும். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும், "நான் போட்டியில் கலந்துகொள்பவன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அமுக்கரா? தூக்கம் கெட்டவர்களுக்கும் இளைத்தவர்களுக்கும் பார்த்துத்தான் கொடுக்கிறோம். அபூர்வமாகச் சிலருக்கு ஈரலைத் தாக்குகிறது. வேளாவேளைக்குச் சாப்பிட்டு எட்டு மணி நேரம் தூங்கும் பையனுக்கு அது தேவையில்லை. அறுபது கிலோ பையனுக்குத் தினம் சுமார் 80 கிராம் புரதம் போதும். பருப்பு, சுண்டல், வேர்க்கடலை, தயிர், முட்டை, மீன் என்று வீட்டிலேயே தேறிவிடும். கபடி, குஸ்தியில் எடை குறைக்க பேதிக்கு எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கும் பழக்கம் இருக்கிறதே, அது தற்கொலைக்குச் சமம். நாங்கள் பேதிக்குக் கொடுத்தால் அன்று முழுக்க ஓய்வு, கஞ்சிதான்!

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கல்லூரி சேரும் முன் ரத்தப் பரிசோதனை அவசியம். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் இளைக்கத்தான் செய்யும். முருங்கைக்கீரையும் கம்பும் நெல்லிக்காயும் உதவும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது. ரொம்பவும் குறைந்திருந்தால் கீரையை நம்பாமல் மாத்திரை வேண்டும். மூன்று மாதம் விலக்கு வரவில்லை என்றால், "போட்டி நேரத்துக்கு வசதிதானே" என்று விட்டுவிடாதீர்கள். சாப்பாடு போதவில்லை, எலும்பு தேய்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

சுளுக்கு விழுந்தால் உடனே ஆள் பிடித்து நீவிவிடுவது நம் ஊர் வழக்கம். எங்கள் தொக்கணத்தில் ஒன்பது வகை உண்டு. வீங்கி, சூடாக இருக்கும் இடத்தில் அதில் ஒன்றுகூட ஆகாது. முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், கட்டு, ஓய்வு. நாலு அடி ஊன்றி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வீக்கம் வடிந்த பிறகு நீவலாம்.

தேர்வு நாளில் புது ஷூ வேண்டாம், புதுச் சாப்பாடும் வேண்டாம். மூன்று மணி நேரம் முன்னால் நாலைந்து இட்லி, எண்ணெய் அதிகமில்லாத சாம்பார். பசித்தால் ஒரு மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம். எண்ணெய்க் குளியலை அன்றும் முந்தின நாளும் தள்ளி வையுங்கள். எல்லாம் முடிந்து, ஓய்வாக இருக்கும் சனிக்கிழமை குளித்துக்கொள்ளலாம்.