உங்கள் வரத்தை முதலில் பார்ப்பவர் யார்?

வாலிபர் முகாம்களில் இப்போது ஒரு வினாத்தாள் தருகிறார்கள். வியாதியஸ்தரைச் சந்திப்பது உங்களுக்குப் பிடிக்குமா? முன்னின்று நடத்தச் சொன்னால் தயங்குவீர்களா? இப்படிப் பக்கம் பக்கமாகக் கேள்விகள். எப்போதும், சில வேளை, இல்லவே இல்லை என்று குறி போட்டு மதிப்பெண்ணைக் கூட்டினால், உங்கள் ஆவிக்குரிய வரம் இன்னதென்று கடைசிப் பக்கம் சொல்லிவிடும். 1970களில் அமெரிக்கச் சபைகளில் பரவி நம்மிடம் வந்த பழக்கம் இது. அந்த அலையில் பெயர்பெற்ற நூலை பீட்டர் வாக்னர் 1979இல் எழுதினார். அவருடைய பட்டியலில் 27 வரங்கள் இருந்தன.

பவுல் அத்தனை எண்ணவில்லை. எழுதிய பட்டியலையே அவர் மறுபடி எழுதவும் இல்லை. ரோமர் 12இல் ஏழு வரங்கள் வருகின்றன. 1 கொரிந்தியர் 12இன் தொடக்கத்தில் ஒன்பது, அதே அதிகாரத்தின் முடிவில் வேறொரு வரிசை. எபேசியர் 4இலோ அப்போஸ்தலர், தீர்க்கதரிசி, சுவிசேஷகர், மேய்ப்பர், போதகர் என்று ஆட்களையே வரமாகக் காட்டுகிறார். பேதுரு இன்னும் சிக்கனம்: பேசுகிறவர்கள், ஊழியம் செய்கிறவர்கள் என்று இரண்டே வகையில் முடித்துவிட்டார். இவற்றைப் பார்த்தால், இருப்பது இவ்வளவுதான் என்று கணக்கு முடிக்க அவர்கள் எழுதியதாகத் தெரியவில்லை. அந்தந்தச் சபையின் தேவைக்கு ஏற்ற உதாரணங்களைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.

ரோமர் நிருபத்தின் ஏழில் பகிர்ந்து கொடுப்பதும் இரக்கம் செய்வதும் இருக்கின்றன. ஆனால் நம் கன்வென்ஷன் மேடைகளில் ‘வரம் பெற்றவர்’ என்றால், அந்நியபாஷை பேசுகிறவரும் தீர்க்கதரிசனம் சொல்கிறவரும் வியாதியைக் குணமாக்குகிறவரும்தான். மைக் பிடிக்கும் வரங்களுக்குத்தான் அங்கே மவுசு.

திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்துச் சபைகளில் அசனம் என்னும் சபை விருந்து நடப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். எத்தனை மூடை அரிசி, எத்தனை ஆடு என்று ஒருவர் மனக்கணக்காகவே சொல்வார். சோறு மிஞ்சாது, குறையாது. யாரை அடுப்படியில் விட வேண்டும், யாரைப் பந்தியில் விட வேண்டும் என்பது இன்னொருவருக்குத் தெரியும். இரண்டு குடும்பத்துக்குள் பழைய பகை இருந்தால் இரண்டு வீட்டுப் பையன்களையும் ஒரே பந்தியில் பரிமாற விடுகிற பெரியவர் ஒருவர் இருப்பார். படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கு வாளியில் சோறும் குழம்பும் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க ஓர் அம்மா இருப்பார். நிர்வாகம், ஞானம், இரக்கம் என்று பவுல் எழுதிய அத்தனையும் அந்தக் கோயில் வளாகத்தில் புகைக்குள் நின்று வேலை செய்கின்றன. ஆனால் மறு ஞாயிறு, “உங்கள் வரம் என்ன?” என்று கேட்டால் அந்த அம்மா, “எனக்கென்ன ஐயா வரம் இருக்கு? நாலு பேருக்குச் சோறு போடத்தான் தெரியும்” என்பார்.

எருசலேம் சபையிலும் பந்தியில்தான் பிரச்சினை எழுந்தது. அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபட்டார்கள், முறுமுறுப்பு வந்தது. அதற்காக ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள் (அப்போஸ்தலர் 6). அந்த ஏழு பேரும் தங்களுக்கு என்ன வரம் என்று தேடிக் காத்திருந்ததாக லூக்கா எழுதவில்லை. சபைதான் அவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அதில் ஒருவரான பிலிப்பு, பின்னால் சமாரியாவில் பிரசங்கித்தார். 21ஆம் அதிகாரத்தில் அவருக்குச் சுவிசேஷகர் என்றே பெயர். பந்தி விசாரணைக்குப் போன இடத்திலிருந்துதான் அவருடைய சுவிசேஷ ஊழியம் தொடங்கியது. தீமோத்தேயுவின் கதையும் அப்படித்தான். மூப்பர்கள் கைவைத்து அவருடைய வரத்தை உறுதிப்படுத்தினார்கள். அதை அனல்மூட்டி வைத்துக்கொள்வது மட்டும் அவர் பொறுப்பு.

நம் மண்ணில் இதற்குச் சரியான சாட்சி வேதநாயகம் சாமுவேல் அசரியா. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த போதகர் மகன், ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் கடல் தாண்டி ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். தலைமுறை தலைமுறையாகச் சுவிசேஷம் கேட்ட திருநெல்வேலி அப்படி எதுவும் செய்யவில்லையே என்பது அவரைக் குத்தியது. மறு வருடமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. வெள்ளைக்காரர் பணம் இல்லை, தலைமை இல்லை. நம்மவர் காணிக்கை, நம்மவர் ஆட்கள். ஆள் அனுப்பியவர் பிறகு தானே கிளம்பினார். 1909இல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கில் ஊழியம் செய்தார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

பேராயர் பட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர் அந்தக் கிராமங்களில் செய்த காரியம். மாலா, மாதிகா சாதிகளிலிருந்து வந்த, எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர்களிடம் அவர் ஊழியத்தை நம்பி ஒப்படைத்தார். ஞானஸ்நானம் பெறுகிறவர் தன் தலைமேல் கைவைத்து, சுவிசேஷம் அறிவிப்பேன் என்று உறுதி சொல்லப் பழக்கினார். வருடத்தில் ஒரு வாரம் சபை முழுவதும் சாட்சி சொல்ல ஊர் ஊராகக் கிளம்பியது. கூலி வேலை செய்பவனுக்குள் சுவிசேஷகன் இருக்கிறான் என்பதை அவனுக்கு முன்பே பேராயர் பார்த்தார். 1945இல் அவர் மறைந்தபோது தோர்ணக்கல் திருமண்டலத்தின் விசுவாசிகள் இலட்சத்தைத் தாண்டியிருந்தனர்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கொரிந்து சபையில் எந்த வரத்துக்கும் குறைவில்லை. கட்சிச் சண்டைக்கும் கோர்ட் வழக்குக்கும்கூடக் குறைவில்லை. வரம் இருப்பது நடத்தைக்குச் சான்றிதழ் ஆகாது. கலாத்தியர் 5இல் சொல்லப்படும் கனி வேறு, வரம் வேறு. தீர்க்கதரிசனம் சொன்னால் மற்றவர்கள் அதை நிதானிக்க வேண்டும் என்று பவுல் 1 கொரிந்தியர் 14ஆம் அதிகாரத்தில் கட்டளையே போட்டிருக்கிறார். இந்த மாதத்துக்குள் விசா வரும், இந்தப் பெண்ணைத்தான் கட்ட வேண்டும் என்றெல்லாம் கர்த்தர் பெயரில் சொல்லப்படுகிற கூட்டங்களில் நிதானிக்கிறவர் யார்? கேள்வி கேட்பவரை அவிசுவாசி என்று உட்கார வைத்துவிடுகிறார்கள். இந்த விஷயத்தில் நம் போதகர்கள் சாதிக்கும் மௌனம் நல்லதல்ல.

வினாத்தாளை நிரப்புவதில் தப்பொன்றும் இல்லை. யோசிக்கத் தொடங்க அது உதவும். ஆனால் அதில் நம்மைப் பற்றி நாமே மதிப்பெண் போட்டுக்கொள்கிறோம். உங்கள் வரம் எதுவென்று தெரியவில்லையென்றால், சபையில் எந்த வேலைக்கு ஆள் இல்லை என்று பார்த்து ஆறு மாதம் அதைச் செய்யுங்கள். ஞாயிறு பள்ளி வகுப்போ, ஆஸ்பத்திரிச் சந்திப்போ, கணக்குப் புத்தகமோ எதுவானாலும் சரி. பிறகு உங்களை நன்றாக அறிந்த, முகஸ்துதி செய்யாத இரண்டு பேரிடம், இதனால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறொன்றை முயலலாம்.

சபைக் கமிட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். புது வருட ஆராதனையில் பாடகர் குழுவுக்கும் பிரசங்கிகளுக்கும் ஜெபிக்கும்போது, கணக்கெழுதுகிறவரையும் அசனத்துக்குச் சமைக்கிறவர்களையும் வியாதியஸ்தரைப் போய்ப் பார்க்கிறவர்களையும் முன்னால் அழைத்துக் கைவைத்து ஜெபியுங்கள். வருகிற ஜனவரியிலேயே தொடங்கலாம்.