வேனில் படுத்தால் காற்று வேண்டும்

கிள்ளானிலிருந்து 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் தெற்கே போனால் தெலோக் பங்லிமா காராங், ஜெஞ்சாரோம், பந்திங், அதையும் தாண்டினால் மோரிப் கடற்கரை. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்திய கேம்பர்வேன் வைத்திருப்பவருக்கு வார இறுதியில் போய்வர ஏற்ற தூரம். (வேனை அப்படி மாற்றச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும், அதை வாங்காமல் ஆணிகூட அடிக்காதீர்கள்.)

குளிர்நாட்டுக் கையேடுகள் வேனைச் சூடாக வைத்துக்கொள்ளச் சொல்லித்தருகின்றன. நமக்கோ புழுக்கம்தான் தொல்லை. பகலெல்லாம் வெயிலில் கிடந்த இரும்புக் கூரை பொழுது சாய்ந்த பிறகும் சூட்டை உள்ளே இறக்கும். இரண்டு பேர் மூச்சு விட்டாலே ஈரம் ஏறிவிடும், வேர்வை காயாது. அந்த நேரத்தில் கை தானாகச் சாவிக்குப் போகும்: இன்ஜினை ஓடவிட்டு ஏர்கோன் போட்டுத் தூங்கலாமே என்று.

வேனில் செய்யக்கூடிய காரியங்களில் இதைவிட ஆபத்தானது வேறில்லை. புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வண்டி ஓடும்போது காற்றோடு போய்விடும் அந்தப் புகை, நிற்கும்போது அடியில் தேங்கும்; கதவு ரப்பரின் இடுக்கு, தரையில் போட்ட துளை என்று கிடைத்த வழியில் உள்ளே நுழையும். இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்குவதைப் பயணக் களைப்பு என்று நினைத்துத் தூங்கிப்போகிறவர் எழுந்திருப்பதில்லை.

இதற்கு மாற்று, கூரையில் ஒரு 12 வோல்ட் காற்றாடி. எதிரெதிர்ச் சன்னல்களைக் கொசுவலை போட்டுத் திறந்துவைத்தால் போதும், அது சூட்டை மேலே இழுத்துத் தள்ளிவிடும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் சுமார் 1,280 வாட்-மணி மின்சாரம் இருக்கும்; 30 வாட் காற்றாடி எட்டு மணி நேரத்தில் தின்பது 240தான். பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்கட்டும். கம்பி உரசினால் பாயும் மின்சாரம் மெத்தைக்குத் தீ வைக்கப் போதுமானது.

சமையலை வெளியே வைத்துக்கொள்வது நல்லது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். அதனால் கேஸ் கசிவை உணரும் கருவியைத் தரையருகே பொருத்த வேண்டும். கார்பன் மோனாக்சைடு கருவிக்கு இடம் படுக்கையருகே, தலைமட்டத்தில்.

மோரிப்பின் மணலை நம்பி வண்டியைக் கீழே இறக்க வேண்டாம். ஜப்பான் சரணடைந்த பிறகு, 1945 செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷ் இந்தியப் படை அங்கே கரையிறங்கியபோது, இராணுவ வண்டிகளே பல சேற்றில் புதைந்து நின்றன. கடல் வெகுதூரம் உள்வாங்கும், பிறகு அதே தூரம் திரும்பி வரும். ஓத அட்டவணையைப் பார்த்து, மேட்டில் கெட்டித் தரையில், முன்பக்கம் சாலையைப் பார்க்க நிறுத்துங்கள். நிழலுக்கு ஆசைப்பட்டுத் தென்னைக்கடியில் மட்டும் வேண்டாம்.