மன்றமும் மேடையும் மாணவர் ஏடும்

நம் பிள்ளைகள் பள்ளியில் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டால் பெற்றோர் உடனே பாடங்களை அடுக்குவார்கள். பள்ளியில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் சற்று யோசிப்பார்கள். மன்றம், பாட்டுக் குழு, நாடகம், பள்ளி இதழ் எல்லாம் 'எக்ஸ்ட்ரா' என்ற ஒரே மூட்டையில் கட்டப்பட்டு, ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பரணுக்குப் போய்விடுகின்றன.

தமிழகத்தில் வளரும் பிள்ளைக்கு இதனால் தமிழ் போய்விடாது. தெருவே தமிழ் பேசும். தில்லியிலும் மும்பையிலும் வளரும் பிள்ளையின் நிலை வேறு. வகுப்பில் தமிழ் ஒரு பாடம். வீட்டில் அது சாப்பாட்டுக்கும் கண்டிப்புக்குமான மொழி. அந்த மொழியைக் கொண்டு ஒரு காரியத்தைச் செய்து முடிக்க அவனுக்குக் கிடைக்கும் இடம் பள்ளி மன்றங்கள்தாம். தில்லிப் பள்ளி ஒன்றின் தமிழ் மன்றத்துக்குச் சில ஆண்டுகள் சனிக்கிழமைதோறும் உதவிக்குப் போய்வந்தேன். அங்கே கண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முன்னோர் போட்ட பாதை

வெளி மாநிலத்துக்கு வந்த தமிழர்கள் காலூன்றியதும் செய்த முதல் வேலைகளுள் ஒன்று பள்ளி தொடங்கியது. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் கோடையில் சிம்லாவுக்கும் குளிரில் தில்லிக்கும் மாறி மாறிப் போய்வந்த காலத்தில், 1923-இல், மதராசி கல்விச் சங்கம் தோன்றியது. அதுவே தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாகி ஏழு பள்ளிகளாக வளர்ந்தது. மும்பையில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் பிறந்தது. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-இல் அமைந்தது. கட்டடங்களை நம் முன்னோர் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அவற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பது நம் பொறுப்பு.

மாணவர் ஏடு என்பது நமக்குப் புதிதல்ல. ஒரே ஒரு பிரதி எழுதி, அதைக் கைமாற்றிப் படிக்கும் கையெழுத்துப் பத்திரிகை தமிழ் எழுத்தாளர் பலருக்கு நாற்றங்காலாக இருந்தது. கவிஞர் வாலி இளமையில் நண்பர்களோடு சேர்ந்து 'நேதாஜி' என்ற கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். அதன் முதல் பிரதியை வெளியிட்டவர் கல்கி.

அப்பா எழுதிய கட்டுரை

நான் போன பள்ளியின் ஆண்டு மலரில் தமிழ்ப் பகுதி இருந்தது. அதைப் படித்தவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். ஆறாம் வகுப்புச் சிறுவன் "நமது இளமைக் காலத்தில் இத்தகைய வசதிகள் இருந்தனவா?" என்று கேட்டிருப்பான்! எழுதியது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பையன் என்னிடமே ஒளிக்காமல் சொன்னான்: "மாமா, நான் எழுதினா தப்பு வரும். அம்மா எழுதினா பிரைஸ் வரும்."

அச்சேறும் மலரில் பிழை கூடாது என்ற பயம்தான் இதற்குக் காரணம். ஆகவே அச்சை விட்டுவிட்டுச் சுவருக்குப் போனோம். தமிழாசிரியை ஒப்புக்கொள்ள, பதினைந்து நாளுக்கு ஒரு சுவர்ப் பத்திரிகை தொடங்கியது. இரண்டு சார்ட் பேப்பர், கொஞ்சம் கோந்து, ஸ்கெட்ச் பேனா, செலவு அவ்வளவுதான். விதிகள் மூன்று. சொந்தக் கையெழுத்தில் எழுத வேண்டும். கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும்; அல்லது சொன்னவர் யார் என்று எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஆசிரியை பிழைகளைப் பென்சிலால் குறித்துக் கொடுப்பார். எழுதியவரே திருத்தி எழுத வேண்டும்.

எட்டுக் குழாய்கள்

முதல் இரண்டு இதழ்களில் 'நேரத்தின் அருமை', 'மரம் வளர்ப்போம்' என்றே வந்தன. மூன்றாவது இதழில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி குடிநீர்க் குழாயைப் பற்றி எழுதினாள். இடைவேளையில் மூன்று நாள் நின்று எண்ணியிருக்கிறாள். குழாய்கள் எட்டு, தண்ணீர் வந்தவை ஐந்து. இடைவேளை இருபது நிமிடம்; வரிசையில் ஒரு நேரத்தில் நாற்பது பேர்.

கடைசி வரியாக, "நிர்வாகம் தூங்குகிறது" என்று எழுதியிருந்தாள். ஆசிரியை ஒரே கேள்வி கேட்டார்: "தூங்கினதை நீ பார்த்தியா?" அந்த வரி போயிற்று. அதற்குப் பதில், குழாய்களைக் கவனிக்கும் ஊழியரிடம் போய்க் கேட்டு, "வாஷர் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை" என்று அவர் சொன்னதைச் சேர்த்தாள். ஊழியர் பேசியது ஹிந்தியில், அவள் எழுதியது தமிழில். பத்திரிகைத் தொழிலின் பாதிப் பாடம் அன்று அந்த வராந்தாவிலேயே நடந்து முடிந்தது.

சுவரில் ஒட்டியதும் சலசலப்பு எழுந்தது. பள்ளியின் பெயர் கெடும், கிழித்துவிடலாம் என்று ஆசிரியர் சிலர் சொன்னார்கள். முதல்வர் அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. அந்த மாணவியையே அழைத்துப் படித்துக்காட்டச் சொன்னார். வரிக்கு வரி ஹிந்தியில் சொல்லக் கேட்டு, "இதில் பொய் இல்லையே, இருக்கட்டும். பக்கத்தில் என் பதிலையும் ஒட்டுங்கள்" என்றார். அடுத்த இதழில் அவள் எழுதினாள்: இரண்டு குழாய்கள் சரியாயின, மூன்றாவது இன்னும் காத்திருக்கிறது.

அன்றுவரை அந்தத் தமிழ்ச் சுவரைத் தாண்டிப் போனவர்களெல்லாம் இப்போது நின்றார்கள். தமிழ் தெரியாத பிள்ளைகள் "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று நம் பிள்ளைகளைக் கேட்டார்கள். தமிழ் தெரிந்திருப்பது பள்ளியில் ஒரு பெருமையாக மாறியதை நான் கண்டது அப்போதுதான்.

பாட்டுக் குழு

சேர்ந்திசையிலும் இதே கதைதான். தென்னிந்திய சங்கீதத்தில் தனிப்பாட்டுக்கே முதலிடம். பலர் கூடிப் பாடும் சேர்ந்திசையைத் தமிழகத்தில் வளர்த்தவர்களுள் முக்கியமானவர் எம்.பி. சீனிவாசன். மெட்ராஸ் யூத் கொயர் அவர் உருவாக்கியது. பல மொழிப் பாடல்களை இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்த அவர் 1988-இல் காலமானார். தாய்மொழி எதுவானாலும் எல்லோரும் எல்லா மொழியிலும் பாடலாம் என்பதற்கு அவருடைய குழுக்களே சான்று.

எங்கள் குழுவில் மிக நன்றாகத் தமிழ் பாடியவள் ஒரு பஞ்சாபிப் பெண். நோட்டில் பாட்டை ஹிந்தி எழுத்தில் எழுதி, 'ழ' வரும் இடத்தில் 'ல' போட்டுக் கீழே புள்ளி வைத்துக்கொள்வாள். அவள் அப்படி எழுதுவதில் தவறில்லை. ஆனால் நம் பிள்ளைகளின் நோட்டுகளை வாங்கிப் பார்த்தால், அவர்களில் பாதிப் பேரும் ஹிந்தியிலோ ஆங்கில எழுத்திலோதான் எழுதியிருந்தார்கள். பாட்டு ஆசிரியை கோபிக்கவில்லை. "தமிழ் எழுத்தில் எழுதியவர்கள் முன் வரிசை" என்றார். மூன்று வாரத்தில் முன் வரிசையில் இடம் போதவில்லை.

பையன்கள் விஷயத்தில் வேறொரு சிக்கல் உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடையும். நேற்று வரை ஐந்து கட்டையில் பாடியவன் இன்று பாடினால் மற்றவர்கள் சிரிப்பார்கள். அப்போது விலகுகிறவன் பிறகு திரும்புவதில்லை. அந்த ஓராண்டு அவனுக்கு மிருதங்கமோ, தாளமோ, நிகழ்ச்சியைத் தொகுத்துச் சொல்லும் வேலையோ கொடுத்துக் குழுவிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் குழுவின் சிறந்த அறிவிப்பாளன் அப்படிக் கிடைத்தவன்தான்.

மதிப்பெண்ணும் மன்றமும்

மத்தியக் கல்வி வாரியம் 2009-இல் தொடர் மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தபோது, பாடத்துக்கு அப்பாற்பட்ட செயல்களுக்கும் கிரேடு கிடைத்தது. மன்றத்தில் கூட்டம் நிரம்பியது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு 2018-இல் எல்லோருக்கும் திரும்பக் கட்டாயமானதும் கூட்டம் கரைந்தது. கிரேடுக்காக வந்தவர்கள் கிரேடோடு போனார்கள். குழாயை எண்ணியவளும் முன் வரிசைக்காக எழுதப் பழகியவர்களும் மதிப்பெண்ணுக்காக வந்தவர்கள் அல்லர்.

"பத்தாவது வந்துவிட்டது, இனி இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது. வெளியூரில் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்கள் நாம். படிப்புதான் நம் நிலபுலன். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம் போனதால் எந்தப் பிள்ளையும் தோற்றதை நான் பார்த்ததில்லை. அந்த ஒரு மணி நேரம் போன பிறகு, கல்லூரிக்குள் நுழையும்போது பாட்டிக்கு நாலு வரி கடிதம் எழுதத் தெரியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பெற்றோருக்கும் நம் சங்கத்துக்கும் மூன்று வேண்டுகோள்கள். பிள்ளையின் கட்டுரையை நீங்கள் எழுதாதீர்கள். பிழையோடு இருந்தாலும் அது அவனுடையதாக இருக்கட்டும். பள்ளியில் தமிழ் மன்றம் இல்லையென்றால் முதல்வரைப் பார்த்துக் கேளுங்கள். கூடவே சனிக்கிழமையில் ஒரு மணி நேரம் உதவ முன்வாருங்கள். சங்க மலரில் மாணவர்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, பெரியவர் கை படாத எழுத்தை மட்டுமே அதில் வெளியிடுவோம்.