ஃபார்மட் போடும் முன்

பாஸ்வேர்டு சரிதான். ஆனாலும் விண்டோஸ் உள்ளே விடுவதில்லை. புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, அல்லது திரை கறுத்துப்போய் மறுபடி பாஸ்வேர்டையே கேட்கிறது. சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் "ஃபார்மட் போட்டுடலாம் சார்" என்ற பதில்தான் அநேகமாக முதலில் வரும். அதற்குத் தலையாட்டும் முன், அந்தக் கணினியை வேறோர் இயங்குதளத்தைக் கொண்டு எழுப்பிப் பாருங்கள்.

லாகின் திரை விண்டோஸ் அமர்த்திய காவலாளி. விண்டோஸ் ஓடவில்லை என்றால் அந்தக் காவலாளியும் இல்லை. உங்கள் படங்களும் கணக்குவழக்குகளும் டிஸ்க்கில் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதற்கு 8 ஜிபி பென்டிரைவ் போதும். நன்றாக ஓடும் இன்னொரு கணினியில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை இலவசமாகத் தரவிறக்கி, ரூஃபஸ் போன்ற மென்பொருளால் பென்டிரைவில் ஏற்றுங்கள். அதில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும். பிறகு பழுதான கணினியில் செருகி, இயக்கியவுடன் பூட் மெனு விசையைத் தட்டுங்கள். பெரும்பாலும் டெல், லெனோவோவுக்கு எஃப்12, ஹெச்பிக்கு எஃப்9. திரையில் 'ட்ரை', 'இன்ஸ்டால்' என இரண்டு வழிகள் காட்டினால் 'ட்ரை' மட்டுமே. மற்றதில் போனால் நீங்களே ஃபார்மட் போட்டதுபோல ஆகிவிடக்கூடும்.

உள்ளே போனதும் பழுதுபார்க்க அவசரப்படாதீர்கள். சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டரைத் திறந்து, தேவையானவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். டிரைவில் எழுத முடியவில்லை, படிக்க மட்டும் முடிகிறது என்றால் பயப்பட வேண்டாம். நகலெடுக்க அது போதும். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிஸ்க்கை அரைத்தூக்கத்தில் விட்டிருப்பதுதான் பொதுவான காரணம். லாகின் திரையின் மூலையிலுள்ள பவர் பொத்தானில் 'ஷட் டவுன்' கொடுக்காமல் 'ரீஸ்டார்ட்' கொடுத்து, அப்படியே பென்டிரைவுக்கு வந்தால் இந்தத் தொல்லை இராது.

நகலெடுத்தபின் இரண்டைப் பாருங்கள். சி டிரைவ் நிரம்பி வழிகிறதா? இடமே இல்லாமல் போனாலும் லாகின் தடுமாறும். டவுன்லோட்ஸிலுள்ள பெரிய வீடியோக்களை அகற்றுங்கள். 'விண்டோஸ்' ஃபோல்டரில் கைவைக்காதீர்கள். அடுத்து, உபுண்டுவின் 'டிஸ்க்ஸ்' செயலியில் டிஸ்க்கின் உடல்நிலையைச் சோதியுங்கள். டிஸ்க்கே போய்க்கொண்டிருந்தால் எத்தனை முறை ஃபார்மட் போட்டும் பயனில்லை. சிஸ்டம் ஃபைல்கள் கெட்டிருந்தால் லினக்ஸை நம்பாமல், விண்டோஸின் சொந்த இன்ஸ்டால் பென்டிரைவில் உள்ள 'ரிப்பேர்' வழியே போவதே நல்லது.

இது வீட்டுக் கணினிக்கு மட்டுமான வைத்தியம் அல்ல. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட்டால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தன. விமானங்கள் ரத்தாயின. தீர்வு, டிரைவர்ஸ் ஃபோல்டரில் குறிப்பிட்ட ஒரு ஃபைலை அழிப்பது. அதற்காகப் பென்டிரைவிலிருந்து ஓடும் ஒரு சிறிய விண்டோஸை மைக்ரோசாஃப்டே வெளியிட்டது.

அப்போது பல அலுவலகங்களை இழுத்தடித்தது பிட்லாக்கர். டிஸ்க்கைச் சங்கேதமாக்கும் இந்தப் பூட்டு இருந்தால் வேறெந்த இயங்குதளத்தில் எழுப்பினாலும் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் ஒரு ஃபைலும் திறக்காது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் பென்டிரைவால் நுழைவதுபோல லேப்டாப்பைத் திருடியவரும் நுழையலாம். அவரைத் தடுக்க லாகின் பாஸ்வேர்டால் முடியாது, இந்தப் பூட்டால்தான் முடியும். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே நம்மைக் கேட்காமல் இது இயங்கத் தொடங்கிவிடுகிறது. சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே அந்த 48 இலக்கங்களைத் தாளில் எழுதி, பீரோவில் வைத்துவிடுங்கள்.