ஊக்கி மருந்துகளும் இருமுனை மனநோயும்

போர்ட் பிளேயர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நகரின் நடுநாயகமாக விளங்குவது அபர்டீன் பஜார். மணிக்கூண்டைச் சூழ்ந்த இக்கடைவீதியில் தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம், இந்தி ஆகிய மொழிகள் ஒருங்கே காதில் விழும். வடக்கே டிக்லிபூரிலிருந்தும் தெற்கே ஹட் பேயிலிருந்தும் கார் நிக்கோபாரிலிருந்தும் கப்பலேறி வருவோர், துணிமணி, மளிகைச் சாமான்களோடு மருந்தும் வாங்கிக்கொண்டு திரும்புகின்றனர். கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையும் இவ்வீதிக்கு அண்மையிலேயே இருக்கின்றது. சென்னையிலோ கொல்கத்தாவிலோ மருத்துவரைக் கண்டு, ஒரு மாத மருந்தோடு தீவுக்குத் திரும்பும் நோயாளிகளும் பலர். கப்பல் தாமதித்தால் மருந்தும் தாமதிக்கும். இரண்டு மருந்துகளை ஒருசேர உண்ண வேண்டிய ஒருவருக்கு அவற்றுள் ஒன்று தீர்ந்து, மற்றொன்று மட்டும் எஞ்சி நின்றால் என்ன நேரும்? சில மருந்துகளின் வகையில் இஃது அற்பக் கேள்வி. ஆனால் இருமுனை மனநோய் உடையவரிடத்தில், எஞ்சி நிற்கும் மருந்து ஊக்கி வகையைச் சேர்ந்ததாயின், அது மிகவும் கவலைக்குரிய கேள்வியாகும்.

இருமுனை மனநோய் என்பது யாது? மனித மனத்தில் மகிழ்ச்சியும் சோர்வும் மாறி மாறி வருவது இயல்பே. இந்நோயில் அவை இயல்பின் எல்லையைக் கடந்துவிடுகின்றன. சில வாரங்களோ மாதங்களோ நோயாளி ஆழ்ந்த சோர்வில் மூழ்கிக் கிடப்பார். பிறிதொரு காலத்தில் இதற்கு நேர்மாறான மனவெழுச்சி நிலை தோன்றும். அந்நிலையில் அவருக்கு உறக்கம் வேண்டியிராது. பேச்சு வெள்ளமெனப் பெருகும். தம்மால் ஆகாதது ஒன்றுமில்லை என்னும் எண்ணம் ஓங்கும். கைப்பொருளை வாரி இறைப்பார். தடுப்போர் மேல் சினம் கொள்வார். நோய் முற்றினால் இல்லாத குரல்கள் கேட்கும். பொய்யான ஐயங்கள் உறுதிபெறும். இவ்விரு நிலைகளுக்கும் இடையே பல மாதங்கள், சிலரிடம் பல ஆண்டுகள்கூட, அவர் நம்மைப் போலவே நலமாக வாழ்வதுண்டு. பெங்களூரின் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் 2015-16-இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் தோன்றுகின்றது. பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ இது தலைகாட்டுவதால், மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் இதை முதன்முதல் காண நேர்பவராக ஆகிவிடுகின்றார்.

இனி ஊக்கிகளைப் பற்றிக் கூறுவோம். இப்பெயரைத் தமிழில் எழுதும்போதெல்லாம் மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு ஒரு தயக்கம் உண்டாவதுண்டு. ஊக்கம் என்பது நம் மொழியில் மங்கலமான சொல். திருக்குறளில் ஊக்கமுடைமைக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கின்றது. ‘ஊக்கி’ என்று மருந்துக்குப் பெயரிட்டவுடன், சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்கு அதை ஒரு வேளை கொடுத்தால் என்ன என்று பெற்றோர் எண்ணுவதில் வியப்பில்லை. ‘கிளர்வூட்டி’ என்பது இதனினும் பொருத்தமான பெயர் என்பது என் கருத்து. ஆயினும் வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லையே இங்கு ஆள்கின்றேன்.

இம்மருந்துகளின் வரலாறு நீண்டது. ஆம்பெட்டமின் 1887-ஆம் ஆண்டிலும், அதன் நெருங்கிய உறவான மெத்தாம்பெட்டமின் 1893-ஆம் ஆண்டில் நாகாய் நாகயோஷி என்னும் ஜப்பானிய இரசாயன அறிஞராலும் ஆக்கப்பட்டன. 1930-களில் ஆம்பெட்டமின், மூக்கடைப்புக்கும் அடக்கவியலாத் தூக்க நோய்க்கும் மருந்தாக வழங்கலாயிற்று. 1938-ஆம் ஆண்டிலேயே, இதை உண்ட தூக்க நோயாளிகள் சிலருக்குச் சித்தப் பிரமை உண்டானதை யங், ஸ்கோவில் என்னும் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். எனினும் உலகப் போர் அவ்வெச்சரிக்கையை அமிழ்த்திவிட்டது. ஜப்பானில் மெத்தாம்பெட்டமின் 1941 முதல் ‘ஹிரோபான்’ என்னும் பெயரில் விற்கப்பட்டது. போர்க்காலத்தில் படையினரும் தொழிலாளரும் அதைப் பயன்படுத்தினர். போர் முடிந்தபின் மிச்சச் சரக்கு ஊரெங்கும் பரவி, மனநோய் மருத்துவமனைகள் நிரம்பவே, 1951-இல் அந்நாட்டரசு அதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. இலண்டனில் பிலிப் கானெல் என்பார் 1958-இல் நாற்பத்திரண்டு நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்ட நூலுக்குப் பின்னரே, ஊக்கியால் விளையும் சித்தப் பிரமை தனித்ததொரு நோயென மருத்துவ உலகம் ஐயமற ஏற்றுக்கொண்டது.

ஊக்கி மூளையில் செய்வது யாது? நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் இரசாயனப் பொருள்களுள் டோப்பமின், நார் அட்ரினலின் ஆகிய இரண்டும் விழிப்பு, கவனம், ஆர்வம் ஆகியவற்றோடு தொடர்புடையவை. வேலை முடிந்ததும் இவை நரம்பணுவுக்குள் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளப்படும். மெத்தில்ஃபெனிடேட் என்னும் மருந்து இந்த மீளுறிஞ்சலைத் தடுக்கின்றது. ஆம்பெட்டமினோ தடுப்பதோடு நில்லாமல், சேமிப்பில் உள்ளதையும் வெளியே தள்ளுகின்றது. கவனக்குறைவு - மிகைச் செயல் கோளாறு உள்ள பிள்ளைக்கு, மருத்துவர் அளந்து கொடுக்கும் சிறிய அளவில் இம்மாற்றம் நன்மையே செய்கின்றது; ஓரிடத்தில் அமரவும் பாடத்தில் மனம் செலுத்தவும் அப்பிள்ளையால் இயலுகின்றது. இதனை மறுப்பது அறிவுடைமையன்று. அத்தகைய பிள்ளையின் மருந்தைப் பற்றி வீண் அச்சம் கிளப்புவதும் தீங்கே.

ஆனால் மனவெழுச்சி நிலையிலும் இதே டோப்பமின் மிகுந்து செயற்படுவதாக அறிஞர்கள் கருதுகின்றனர். மேலும், உறக்கக் குறைவு என்பது இந்நோயின் அடையாளம் மட்டுமன்று. அதைத் தூண்டிவிடும் காரணமும் ஆகும். ஊக்கியோ உறக்கத்தைக் குறைக்கின்றது. ஆகவே இருமுனை மனநோய் உடையவர் ஊக்கியை மட்டும் உண்டால், இரு வழிகளிலும் அது நோயைக் கிளறக்கூடும்.

இது வெறும் ஊகமன்று என்பதற்குச் சுவீடன் நாட்டில் செய்யப்பெற்ற ஓர் ஆய்வு சான்றாகும். 2006 முதல் 2014 வரை மெத்தில்ஃபெனிடேட் உண்ணத் தொடங்கிய இருமுனை மனநோயாளிகள் 2,307 பேரின் பதிவேடுகளை அங்குள்ள அறிஞர்கள் ஆராய்ந்து, 2017-இல் வெளியிட்டனர். ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிட்டால் குணவேறுபாடு, குடும்பவேறுபாடு முதலியன முடிவைக் குழப்பக்கூடும். ஆதலின் அவர்கள் ஒவ்வொரு நோயாளியையும் அவரோடே ஒப்பிட்டனர். அதாவது, மருந்து உண்ணாத காலத்தில் அவருக்கு மனவெழுச்சி எவ்வளவு நேர்ந்தது, உண்ட காலத்தில் எவ்வளவு நேர்ந்தது என்று கணக்கிட்டனர். மனநிலையைச் சமன்செய்யும் மருந்து இன்றி ஊக்கியை மட்டும் உண்டவர்களிடம், முதல் மூன்று மாதங்களில் மனவெழுச்சி நேரும் வீதம் 6.7 மடங்காயிற்று. சமன்செய்யும் மருந்தோடு சேர்த்து உண்டவர்களிடமோ அது உயரவில்லை. சற்றுக் குறைந்தே காணப்பட்டது. ஒரே மருந்து, ஒரே நோய். துணைமருந்து ஒன்று உடனிருப்பதும் இல்லாததுமே இவ்வளவு பெரிய வேற்றுமையை உண்டாக்கிற்று. ஓர் ஆய்வைக் கொண்டு எல்லாவற்றையும் முடிவு செய்யலாகாது எனினும், முதலில் மனநிலையைச் சமன்செய்க, பின்னரே வேண்டுமாயின் ஊக்கியை எண்ணுக என்னும் மருத்துவ மரபுக்கு இது வலுவான ஆதரவாகும்.

சமன்செய்யும் மருந்துகளுள் மூத்தது லித்தியம் என்னும் உப்பு. அதன் பயனை 1949-இல் கண்டறிந்தவர் ஜான் கேட் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவர். சிங்கப்பூரின் சாங்கியில் ஜப்பானியரின் போர்க்கைதியாக மூன்றாண்டுகளுக்கு மேல் இருந்து மீண்டவர் அவர். அந்தமானும் அதே ஆண்டுகளில்தான், 1942 முதல் 1945 வரை, ஜப்பானியரின் பிடியில் இருந்தது. லித்தியத்தைப் பற்றித் தீவுப் பணியாளர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. குருதியில் அதன் அளவு சிறிது குறைந்தால் பயனில்லை. சிறிது மிகுந்தால் நஞ்சாகும். புழுக்கமிக்க கரையில் மீன் ஏற்றி இறக்குவோருக்கு வியர்வையால் நீரும் உப்பும் குறையும்போது அதன் அளவு ஏறிவிடும். உடல்வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபென் மாத்திரைகளாலும் ஏறும். இதற்கு மாறாக, நாள்தோறும் குடிக்கும் காப்பியும் தேநீரும் லித்தியத்தைச் சிறுநீரில் வெளியேற்றி அளவைக் குறைக்கும். காப்பியும் ஒரு சிறு ஊக்கியே என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். தேர்வுக் காலத்தில் இரவெல்லாம் விழித்திருக்கக் குடிக்கும் கடுங்காப்பியும், டப்பாவில் விற்கும் ‘எனர்ஜி’ பானமும் இந்நோய் உடைய இளைஞருக்கு உகந்தவை அல்ல. சளிக்குத் தரும் மாத்திரைகள் சிலவற்றில் உள்ள சூடோஎபிட்ரினும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

நம் நாட்டில் மெத்தில்ஃபெனிடேட்டை எளிதில் வாங்கிவிட இயலாது. மருந்து விதிகளின் எக்ஸ் பட்டியலில் அடங்கிய பொருள் அது. மருத்துவர் சீட்டை இரு படிகளாக எழுதித் தர வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் ஈராண்டு காத்து வைக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் சட்டம் கடைவாசல் வரையில்தான் வரும். ஒரு வீட்டில் தம்பிக்கு எழுதித் தந்த மாத்திரையை அண்ணன் தேர்வுக்கென எடுத்து விழுங்குவதைச் சட்டம் தடுக்க இயலாது. அந்த அண்ணனுக்குள் இருமுனை மனநோய் இன்னும் வெளிப்படாமல் உறங்கிக்கொண்டிருந்தால்?

சட்டத்துக்குப் புறம்பான சரக்கின் செய்தி வேறு. 2024 நவம்பரில், ஸ்ரீ விஜயபுரத்துக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பேரன் தீவின் அருகே, மியான்மர் நாட்டு மீன்பிடிப் படகு ஒன்றை இந்தியக் கடலோரக் காவல்படை மடக்கிப் பிடித்தது. அதில் ஐந்தரை டன்னுக்கு மேற்பட்ட மெத்தாம்பெட்டமின், இரண்டிரண்டு கிலோப் பொட்டலங்களாக இருந்தது. எரிமலைத் தீவு என்று பள்ளிப் பாடத்தில் நாம் சொல்லிக்கொடுக்கும் அவ்விடம், ஊக்கிச் சரக்கு கடந்து செல்லும் கடல்வழியிலும் அமைந்திருக்கின்றது. கடலில் எறியப்பட்ட பொட்டலம் அலையோடு கரைசேர்வது அரிதன்று. கரையில் ஐயத்துக்குரிய பொட்டலம் கண்டால் தொடாமல் காவல் நிலையத்துக்கு அறிவிக்குமாறு பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தல் நலம். மருத்துவர் தரும் மாத்திரையின் அளவு எங்கே, இத்தூளின் அளவு எங்கே! இதற்கு முன் மனநோய் ஏதுமில்லாதவரிடமும் சித்தப் பிரமையை உண்டாக்க வல்லது இது. இருமுனை மனநோய் உடையவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரியருக்கு எழும் இடர்ப்பாடு இதுதான்: வகுப்பில் கவனமின்றி, ஓயாமல் பேசி, அலைந்து திரியும் மாணவனுக்கு இருப்பது கவனக்குறைவுக் கோளாறா, மனவெழுச்சியின் தொடக்கமா? தீர்ப்பு மருத்துவருடையது. எனினும் அவருக்குத் தேவையான சாட்சியம் ஆசிரியரிடமே உள்ளது. கவனக்குறைவுக் கோளாறு பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றி, ஆண்டு முழுவதும் ஒரே போக்காகத் தொடர்வது. தொடக்கப் பள்ளி ஆசிரியரைக் கேட்டால் அவரும் அதையே சொல்வார். இருமுனை மனநோயோ அலைபோல் வருவது. ‘சென்ற பருவம் வரை நன்றாயிருந்தான், பொங்கலுக்குப் பின் ஆளே மாறிவிட்டான்’ என்பது அதற்குரிய வாக்கியம். உறக்கத்தையும் கேட்க வேண்டும். தூக்கம் கெட்டவன் மறுநாள் சோர்ந்து விழுவான். மனவெழுச்சி கண்டவன் மூன்று மணி நேரம் உறங்கியும் களைப்பறியான். குடும்பத்தில் பிறருக்கு இந்நோய் உண்டா என்பதும் முக்கியம். இரு கோளாறுகளும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு. அத்தகையோர் திறத்தில் மருத்துவரின் பணி மிக நுட்பமானது. ஊக்கி வகையைச் சேராத அடோமாக்ஸெட்டினை எழுதினாலும் இதே விழிப்பு வேண்டும்.

களப்பணியாளர் வீடு சென்று பார்க்கையில், மருந்து உண்டா என்று கேட்பதோடு நிற்றல் போதாது. எந்தப் பட்டை தீர்ந்தது, எது மிஞ்சியிருக்கின்றது என்று கண்ணால் காண வேண்டும். லித்தியமோ வால்ப்ரோயேட்டோ தீர்ந்து, ஊக்கி மட்டும் இருந்தால், அடுத்த கப்பலுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்; ஊக்கியைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அவர் சொல்வார். நலமாகிவிட்டோம் என்றெண்ணிச் சமன்செய்யும் மருந்தை நோயாளி தாமாகவே நிறுத்துவது பேரிடர். மருத்துவரை நேரில் காண இயலாத தீவுகளிலிருந்து 14416 என்னும் எண்ணில் டெலி-மானஸ் சேவையை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இச்சேவைக்குக் கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். அழைக்குமுன் மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசியாக எதை என்று உண்டார், கடந்த ஏழு இரவுகளில் எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பதைக் குறித்து வைத்துக்கொள்க. மறுமுனையில் இருப்பவர் முதலில் கேட்கக்கூடியவை இவையே.